அட்டவணையில் முதல் வரி

அன்பான தம்பி, திருமணத்திற்குப் பின்னும் படிப்பைத் தொடரும் உன் முயற்சி பாராட்டுக்குரியது. மும்பையில் வாரமெல்லாம் வேலை. 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளோ பெரும்பாலும் வார இறுதியில்தான். ஞாயிறு காலை ஆராதனை. மாலையில் நண்பர்களோடு கிரிக்கெட். உன்னை நம்பி ஊரைவிட்டு வந்த மனைவிக்கு மிஞ்சுவது என்ன?

வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில் நானும் புதிதாய் மணமானவன். "உங்கள் தேர்வு எப்போது முடியும்?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்டது தேதியை அல்ல என்பது வெகு காலம் கழித்தே எனக்கு விளங்கியது.

பெரும் செலவு வேண்டாம். மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் மரநிழலில் மனைவியோடு நடந்து வா. மாதம் ஒருமுறை போரிவிலி தேசியப் பூங்காவிலுள்ள கன்னேரிக் குகைகளுக்குச் செல். கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளையும், மழைநீர் சேமிக்க முன்னோர் வெட்டிய தொட்டிகளையும் இருவரும் காணலாம். ஞாயிறன்று பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் 'மெகா பிளாக்' உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்.

படிப்பு அட்டவணை எழுதும்போது அந்த ஒரு மாலையை முதலில் எழுது; பாடங்களை அதன் கீழே எழுது.