பரங்கிமலைப் பீரங்கியும் பல்லாவரம் லேப்டாப்பும்

கணக்குக்குள் வராத கணங்கள் – 9

1820-ஐ ஒட்டிய ஆண்டுகள். பரங்கிமலைப் படை முகாமில் பீரங்கி வெடிக்கும். ஜார்ஜ் கோட்டையிலும் வெடிக்கும். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாமும் உதவியாளர்களும் குரோனோமீட்டரோடு காத்திருப்பார்கள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் குரோனோமீட்டரின் 'டிக்' ஒலிகளை எண்ணத் தொடங்குவார்கள். வெடிச்சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துவார்கள். கோட்டையிலிருந்து சத்தம் வர ஏறக்குறைய 12 வினாடி, பரங்கிமலையிலிருந்து 26. வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் எல்லாம் கூடவே பதிவாயின. ஒலியின் வேகத்தைச் சொன்ன அந்தக் கணக்கு 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அச்சேறியது.

கண்ணால் கண்டதற்கு மனிதன் எதிர்வினை காட்ட ஏறத்தாழ கால் வினாடி ஆகும். காதால் கேட்டதற்குச் சற்றே குறைவு. 26 வினாடிக் கணக்கில் இதெல்லாம் தூசு. ஆனால் அளக்க வேண்டியதே அந்தக் கால் வினாடி என்றால்?

உளவியல் ஆய்வாளர்களின் பாடு அதுதான். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு நிறத்தில் காட்டி, நிறத்துக்குரிய பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். சொல்லும் நிறமும் ஒத்துப்போனால் விரல் வேகமாக அழுத்தும், முரண்பட்டால் தயங்கும். ஆய்வுக்கூடத்தில் நடந்த இந்தச் சோதனைகள் இப்போது இணையம் வழியே வீடுகளுக்கே வந்துவிட்டன. பல்லாவரத்தில் ஒருவர் தன் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்கிறார் என்று வையுங்கள். பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறைதான் புதுப்பித்துக்கொள்ளும். ஆக, படம் தோன்றும் நேரம் 16.7 மில்லி வினாடிப் படிகளில்தான் நகரும். கீபோர்டு தன் பங்குக்குச் சில மில்லி வினாடிகளை விழுங்கும். புளூடூத் இயர்போன் என்றால் ஒலி நூறு மில்லி வினாடிக்கு மேல்கூடப் பிந்தலாம். போதாக்குறைக்கு, 2018-இல் 'ஸ்பெக்டர்' பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பிரவுசர்கள் தங்கள் கடிகாரத்தின் நுணுக்கத்தையே வேண்டுமென்றே குறைத்தன.

அப்படியானால் முடிவுகளை நம்பலாமா? நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த லேப்டாப் எப்போதும் 70 மில்லி வினாடி கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போகும் சொல்லுக்கு உண்மையில் 520, முரண்படும் சொல்லுக்கு 600. திரையில் பதிவாவது 590, 670. இரண்டும் தப்பு, ஆனால் வித்தியாசம் அதே 80! கோல்டிங்ஹாம் கணக்கிலும் இதைச் செய்யலாம். பரங்கிமலை நேரத்திலிருந்து கோட்டை நேரத்தைக் கழித்தால், இரண்டிலும் ஒரே அளவில் ஒட்டியிருக்கும் மனிதத் தாமதம் தானே கழிந்துபோகும்.

நிலையான தாமதம் சாது. ஒருமுறை 40, மறுமுறை 90 என்று ஆடும் தாமதம்தான் வில்லன். பிரிட்ஜஸ், பீர்ஸ் உள்ளிட்ட ஆய்வுக் குழுவினர் 2020-இல் இத்தகைய சோதனைகளை நடத்தும் பல மென்பொருள்களை ஒளி உணரியும் மைக்கும் வைத்துச் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் சிறந்தவை ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகவே ஆடின. இணையத்தில் ஆட்டம் கூடுதல். ஆனாலும் நன்றாக எழுதப்பட்ட நிரல்களில் சில மில்லி வினாடிகளுக்குள் அடங்கியது. ஒலிதான் அதிகம் காலை வாரியது.

ஆகவே ஒரே ஆளிடம் இரண்டு நிலைகளை ஒப்பிடும் ஆய்வென்றால் வீட்டு லேப்டாப் போதும். பல்லாவரத்துக்காரர் வேகமா, தாம்பரத்துக்காரர் வேகமா என்று கேட்டால் அது ஆட்களை அளக்காது. அவர்கள் வாங்கிய கம்ப்யூட்டர்களைத்தான் அளக்கும்.

சரி, வேலை நேரத்தில் 0.8 வினாடி பிசகியதற்காகக் கிரீனிச்சில் ஒருவருக்கு 1796-இல் வேலையே போனதே, அவர் செய்த குற்றம் என்ன? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)