அலகு ஒன்றாக இருக்கட்டும்

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1,000 கெஜத் தொலைவு எஃப்-கிளாஸ் போட்டிக்குப் பயிலும் என் முன்னாள் மாணவர், துப்பாக்கித் தொலைநோக்கிக்கு எத்தகைய திருகுகுமிழைத் தேர்வது என்று கேட்டார். நான் துப்பாக்கி சுடுபவன் அல்லன். எனினும், வரவையும் செலவையும் எடைபோடும் கேள்வி எனக்குப் புதிதன்று.

குமிழை ஒரு 'கிளிக்' திருப்பினால் குண்டு படும் இடம் சற்று நகரும். அதை அளக்க இரு கோண அலகுகள் உண்டு: பாகையின் 60-இல் ஒரு பங்கு 'எம்ஓஏ'; ரேடியனின் 1,000-இல் ஒரு பங்கு 'மில்'. 1,000 கெஜத்தில் 0.1 மில் கிளிக் 3.6 அங்குலம் நகர்த்தும். கால் எம்ஓஏ 2.6, அரைக்கால் எம்ஓஏ 1.3. இலக்கின் நடுவட்டமோ சுமார் 5 அங்குலமே. எனவே, அங்கு நுண்ணிய கிளிக் பயன் தரும்.

ஆனால், நுண்மைக்கும் விலை உண்டு. கால் எம்ஓஏவை விட அரைக்காலில் இருமடங்கு கிளிக்குகள் தேவை. ஒரு முழுச் சுற்றை எண்ணத் தவறினால் குண்டு பல அடி விலகும். தொடக்க நிலையில் குமிழை நிறுத்தும் 'ஜீரோ ஸ்டாப்' இதற்காகவே.

இவற்றினும் முக்கியம், தொலைநோக்கியின் குறிக்கோடுகளும் குமிழும் ஒரே அலகில் இருப்பது. கோடுகள் மில்லிலும் குமிழ் எம்ஓஏவிலும் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்தையும் 3.44-ஆல் பெருக்க வேண்டும். அதுவரை காற்று காத்திராது.

"முதலில் அலகை ஒன்றாக்கு; பிறகு நுண்மையைத் தேடு" என்றேன். நாணய மாற்று இல்லாத சந்தையில் கணக்குப் பிழையும் குறைவு.