ஊர் ஊராகக் கணக்கெடுத்த மருத்துவர்



 கோயம்புத்தூர், காங்கேயம் பக்கத்துக் கொங்குச் சீமையை 1800-ஆம் ஆண்டு சுற்றி வந்தார் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் மருத்துவம் படித்தவர்.

அது மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு. கம்பெனியின் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள் என்று பார்த்து வரும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பியவர் மைசூர்ப் பக்கம் சுற்றிவிட்டு, காவிரிபுரம் கணவாய் இறங்கிக் கொங்குக்கு வந்தார்.

கோயம்புத்தூர், காங்கேயம், தாராபுரம் என்று போன இடமெல்லாம் விசாரிப்புதான் அவருக்கு வேலை. குடியானவர்களிடம் மண்ணின் தரம், கிணற்றுப் பாசனம், விளைச்சல். நெசவாளர்களிடம் துணி ரகம், விலை, கூலி. எல்லாம் துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர் மூலம். கேட்டதை நாள்வாரியாக எழுதிவைத்தார். வழியில் கண்ட செடிகொடிகளையும் குறித்துக்கொண்டார். பிறகு ஆனைமலை வழியாக மலபாருக்குப் போனார்.

அந்தக் குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சேறின. கம்பெனி தன் வருமானத்துக்காகச் சேர்த்த தகவல்தான். ஆனாலும் அன்றைய கொங்கு உழவையும் நெசவையும் அறிய, ஆய்வாளர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள்.