உழைப்போரைத் தேடிச் சென்ற கல்வி

கல்விக்குரிய பருவம் இளமையே என்பர் பெரியோர். ஆயினும், இளமையில் கற்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வறுமையாலும் குடும்பப் பொறுப்பாலும் பள்ளியை விட்டு நீங்கியோர் பலர். வயது ஏறுவதால் அவர்தம் அறிவு வேட்கை அவிந்துவிடுவதன்று. ஆனால், ஆலையில் உழைப்பவரும் குழந்தைகளைப் பேணும் தாய்மாரும் பகற்பொழுதில் கல்லூரிக்குச் செல்லுதல் எங்ஙனம் இயலும்?

இக்குறையைப் போக்க முற்பட்டவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பர்க்பெக் என்னும் ஆங்கில மருத்துவர். 1823ஆம் ஆண்டில் அவரும் நண்பர் சிலரும் இலண்டன் மாநகரில் தொழிலாளர்க்கெனக் கல்விக்கழகம் ஒன்றை நிறுவினர். வேலை முடித்து வருவோர்க்கு அங்கு மாலையில் பாடம் நடைபெற்றது. 1830ஆம் ஆண்டில் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1920ஆம் ஆண்டில் அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. இன்றும் அது பர்க்பெக்கின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாலைக் கல்லூரி அருகில் வாழ்வோர்க்கே பயன்படும். தொலைவில் உள்ளோர்க்கும், இரவுப் பணி புரிவோர்க்கும், வீட்டை விட்டு அகல இயலாதோர்க்கும் வழி யாது? கல்லூரியே அவர்தம் இல்லத்தை நாடிச் செல்லுதல் வேண்டும். இக்கருத்தின் பயனாக, 1969ஆம் ஆண்டில் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1971ஆம் ஆண்டில் 20,000க்கு மேற்பட்டோர் அதில் பயிலத் தொடங்கினர்.

பாடநூல்கள் அஞ்சல் வழியே அவர்களை வந்தடைந்தன. வானொலியும் தொலைக்காட்சியும் விரிவுரை வழங்கின. மாணவர் எழுதியனுப்பிய கட்டுரைகளை ஆசிரியர் திருத்தி, பிழைகளை விளக்கித் திருப்பியனுப்பினர். கோடைக்காலத்தில் சில நாள் ஒருங்கு கூடி ஆய்வுக்கூடப் பயிற்சியும் பெற்றனர். ஒருவர் தமக்கு இயன்ற அளவில் ஒவ்வொரு பாடமாகக் கற்றுத் தேறலாம். பல ஆண்டுகளில் பட்டத்தை நிறைவு செய்யலாம்.

அங்குச் சேர்வதற்கு முன்தேர்ச்சி வேண்டியதில்லை. அதனால் பட்டத்தின் மதிப்புக் குன்றும் என ஐயுற்றோரும் இருந்தனர். ஆனால், பிற பல்கலைக்கழக அறிஞர்களும் தேர்வுகளை மேற்பார்வையிட்டனர். சேரும் வாயில் அகன்றதேயன்றி, தேறும் தரம் தாழவில்லை.

இத்தகைய முறை இந்தியாவிலும் பரவியது. 1985ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன.

பகலில் உழைத்து, பிறர் உறங்கும் வேளையில் விளக்கின்முன் அமர்ந்து கற்போரின் முயற்சி போற்றத்தக்கது. அம்முயற்சிக்கு ஏற்பத் தன் காலத்தையும் முறையையும் மாற்றிக்கொள்ளுதல் கல்லூரியின் கடமையாகும்.