சிறுநீரகமும் இரத்த அழுத்தமும்: ஹார்மோன்களின் பங்கு

நலமுடன் உள்ள ஒருவரின் சிறுநீரகங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிதிரவம் உருவாகிறது. எனினும் சிறுநீராக வெளியேறுவது சுமார் 1.5 லிட்டரே; எஞ்சிய நீர் நுண்குழல்களால் மீள உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு நீரையும் உப்பையும் மீட்பது என்பதை, உடலின் அப்போதைய தேவைக்கேற்ப ஹார்மோன்களே நெறிப்படுத்துகின்றன.

கோடையில் வியர்வை மிகும்போது நமது இரத்தத்தின் ஊடுகலப்பு அழுத்தம் உயர்கிறது. ஹைபோதலாமஸில் உள்ள உணர்வேற்பிகள் இதனை அறிந்து, பிட்யூட்டரியின் பின்கதுப்பிலிருந்து வாசோபிரஸ்ஸினை விடுவிக்கச் செய்கின்றன. அதன் தூண்டலால் சேகரிப்பு நாளங்கள் நீரை மிகுதியாக மீள உறிஞ்சுவதால், சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியாகிறது. இந்த ஹார்மோன் போதிய அளவு சுரக்காதவர்கள் நாள்தோறும் பல லிட்டர் நீர்த்த சிறுநீரைக் கழித்து, தீராத தாகத்தால் துன்புறுகின்றனர். இந்நிலை டயாபெடிஸ் இன்சிபிடஸ் எனப்படும். இவர்களது சிறுநீரில் சர்க்கரை இராது.

சிறுநீரகம் ஏவலுக்குப் பணியும் உறுப்பு மட்டுமன்று. 1898-இல் டைகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகியோர் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர். இரத்த அழுத்தம் குறையும்போது கிளாமருலஸை அடுத்துள்ள சிறப்புச் செல்கள் ரெனினைச் சுரக்கின்றன. இந்நொதி, கல்லீரலில் உருவாகும் ஆஞ்சியோடென்சினோஜனை ஆஞ்சியோடென்சின்-1 ஆக மாற்றுகிறது. அதனை மற்றொரு நொதி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. இது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுடன், அட்ரினல் புறணியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனையும் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தை மீட்க, நீரும் அதனைப் பின்தொடர்கிறது. இரத்தத்தின் கன அளவும் அழுத்தமும் உயர்கின்றன.

இவ்வுயர்வு எல்லை மீறாமல் தடுப்பது எது? 1981-இல் டி போல்டு குழுவினர், எலியின் இதய ஆரிக்கிள் சாற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது சோடியமும் நீரும் சிறுநீரில் பெருமளவு வெளியேறின. இரத்தம் மிகுந்து ஆரிக்கிள் சுவர் விரிவடையும்போது சுரக்கும் ஏட்ரியல் நேட்ரியுரிட்டிக் காரணியே இதற்குக் காரணம். இது ரெனின், ஆல்டோஸ்டீரோன் சுரப்பைக் குறைத்து, இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது.

இவ்வழிமுறையை அறிந்ததன் பயன் மருத்துவத்தில் வெளிப்பட்டது. ஆஞ்சியோடென்சின்-2 உருவாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் இன்று மிகை இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன. இதயமும் மூளையும் சிறுநீரகமும் ஒன்றன் நிலையை மற்றொன்று அறிந்து இயங்குவதாலேயே உடலின் அகச்சூழல் நிலைபெறுகிறது.