புயல் ஓய்ந்தபின் ஊரைச் சீர்செய்தல்

புயல் கடற்கரையாருக்கே உரிய துன்பம் என்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கருதுவோர் பலர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நம் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதி முந்திரித் தோப்புகளுக்கு அவ்வட்டாரம் நெடுந்தொலைவன்று.

காற்று அடங்கியதும் கோடரியை எடுப்பது இயல்பே. ஆயினும் மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்தியதாகக் கூறும் வரை, அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் நெருங்கலாகாது.

அடுத்து, சேதத்தைக் கணக்கெடுக்குமுன் அதன் அடையாளத்தை அழித்துவிடக் கூடாது. நிவாரணத்திற்கு வீடுகளை முழுச் சேதம், பகுதிச் சேதம் எனப் பிரித்தே எழுதுவர். இடிந்த சுவரை அள்ளிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எதைக் காட்டுவது? மழைக்கு ஒதுங்க இடமின்றிக் காத்திருக்கவும் இயலாது. ஆகவே வீட்டைப் படமெடுத்து, அண்டை வீட்டார் இருவரின் கையொப்பத்துடன் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குக. ஊராட்சி உறுப்பினர் தம் வார்டில் இதை முன்னின்று செய்விக்கலாம்.

பாதையை மறிக்கும் மரத்தை உடனே அகற்றலாம். ஆனால் புறம்போக்கு மரம் வெட்டியவருக்கு உரியதன்று. சச்சரவு எழுவது பெரும்பாலும் இவ்விறகினால்தான்! ஓரிடத்தில் அடுக்கிக் கணக்கில் ஏற்றுவதே முறை.

குடிநீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிநீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத் திறந்துவிடுக.

ஓட்டுக் கூரையைக் காற்று விளிம்பிலிருந்தே தூக்கத் தொடங்கும். எனவே திரும்ப வேயும்போது விளிம்பு வரிசை ஓடுகளையேனும் சிமெண்டுச் சாந்தில் பதித்துவிடுதல் நன்று.