காயமுற்ற தொழிலாளியின் உரிமை

வேலையில் விபத்துற்றவனை நோக்கி, "குற்றம் யாருடையது?" என்று வினவுவதே முற்காலத்து நீதிமன்றங்களின் முறையாயிருந்தது. 1837-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், இறைச்சிக்கடைப் பணியாளன் ஒருவன், மிகுபாரம் ஏற்றிய வண்டி முறிந்தமையால் தொடையெலும்பு ஒடியப்பெற்றான். எசமானன் பொறுப்பாளியல்லன் என்று மன்றம் தீர்ப்பளித்தது. பணியை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றானாம்! பசியின்பொருட்டு வேலைக்குச் செல்வோன் எதனைத்தான் ஆராய்ந்து ஏற்கின்றான்?

1897-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் குற்றம் ஆராயாது நஷ்டஈடு வழங்கும் முறையைக் கொணர்ந்தது. அம்முறையைத் தழுவியே 1923-ல் இந்தியத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் எழுந்தது. அதனிடத்தில், 2020-ல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை மாறவில்லை. விபத்து வேலையின் காரணமாகவும், வேலையின்போதும் நேர்ந்ததா என்பதே வினா. ஆதலின் தன் கவனக்குறைவினால் விரலிழந்தவனும் உரிமையுடையவனே. இதனை அறியாமையால், "என் பிழைதானே" என்று வாளாவிருப்போர் பலர். குடிமயக்கமும், காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதலும் உரிமையைக் கெடுக்கும். மரணமோ நிரந்தரமான முழு ஊனமோ நேரின் அவ்விலக்கும் செல்லாது. வீட்டினின்று வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதாயின், இப்புதிய தொகுப்பில் சேர்த்தெண்ணப்படும். தொழிலாளர் அரசாங்கக் காப்புறுதித் திட்டத்திற் சேர்ந்தோர்க்கு மட்டும் உதவி அத்திட்டத்தினின்றே கிடைக்கும்.

தொகையைக் கணக்கிடுதல் அரிதன்று. மாதக்கூலி 10,000 ரூபாய் பெறும் நாற்பது வயதினன் ஒருவன் கட்டைவிரலை முழுதும் இழந்தானென்க. கூலியில் நூற்றுக்கு 60 பங்காகிய 6,000-ஐ, அவ்வயதிற்குரிய 184.17 என்னும் எண்ணாற் பெருக்க 11,05,020 ரூபாய் வரும். கட்டைவிரலுக்குச் சட்டம் விதித்த இழப்பு நூற்றுக்கு 30. ஆகவே அவன் பெறுவது 3,31,506 ரூபாய். அவன் இறந்திருப்பின் 60-க்குப் பதிலாக 50 பங்கைப் பெருக்கி, 9,20,850 ரூபாய் குடும்பத்தார்க்குச் சேரும்.

இச்சட்டத்தில் யான் பெரிதும் போற்றுவது பிறிதொன்று. இறந்தவன் மனைவியின் கையில் சில நோட்டுகளைத் திணித்து, எழுதிய காகிதமொன்றிற் கைந்நாட்டு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று சில முதலாளிகள் எண்ணுகின்றனர். தீரவில்லை. மரணத்திற்குரிய தொகையை அதற்குரிய அதிகாரியிடமே செலுத்துதல் வேண்டும்; அவரே அதனை உரியவர்க்குப் பகிர்ந்தளிப்பார். தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தம் எதுவாயினும், அவன் கையொப்பம் இட்டிருப்பினும், அது வெற்றுக் காகிதமே.